தகரத்தட்டில் மழை

பூஸி ஆறு தன் படுக்கைக்குத் திரும்பிப் போய்
பதினோரு மாதம் கழித்து
நாற்பத்தேழாம் எண் கூடாரத்தில்
எங்கள் வானொலி நாடகம் தொடங்கியது.
ஒலிவாங்கி ஒன்றே ஒன்று. அதுவும் இரவல்.
சனிக்கிழமை ஐந்து மணிக்குள்
நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் சண்டை நாயைப் பற்றி.
நாய் சாகக்கூடாது என்றாள் நேர்சியா.
செத்தால்தான் நம்புவார்கள் என்றான் டெர்சியோ.
யார் நம்ப வேண்டும்?
கேட்கப்போகிறவர்கள் எல்லாரும்
அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்தானே.
கை தூக்கி வாக்கெடுத்தோம்.
நான்குக்கு மூன்று, நாய் பிழைத்தது.
டெர்சியோ முகத்தைத் தூக்கிக்கொண்டு
குழாயடி வரிசைக்குப் போனான்.
மஞ்சள் கேனோடு திரும்பி வந்து
நாய்க்கு ஒரு பெயர் சொன்னான்:
ட்ரோக்கு.
கடைக்காரர் தரவேண்டிய மீதிச் சில்லறைக்கு
எங்கள் ஊரில் அந்தப் பெயர்.

எழுதுவது என் வேலை.
பின்பக்கம் மாவுக் கணக்கு இருந்த நோட்டில்
'தண்ணீர் வந்தது' என்று எழுதினேன்.
மூன்று நாள் அந்த ஒரு வரிதான்.
அதற்கு அப்புறம் தண்ணீர் என்ன செய்தது என்று
எனக்குத் தெரியாதா என்ன?
தெரியும். பேனாவுக்குத்தான் தெரியவில்லை.

ஒலிகளுக்கு அன்செல்மோ.
வேறெதுவும் கொடுக்க முடியாது அவனுக்கு.
அவன் பேசுவதில்லை.
மாமரத்தின் மேல் இரண்டு இரவு இருந்தவன்.
ஏறும்போது இரண்டு பேர்.

ஒரு கைப்பிடி அரிசி கேட்டான், சைகையில்.
யார் பங்கிலிருந்து என்று
அதற்கும் ஒரு சண்டை.
கடைசியில் ஒஃபேலியா முடிச்சை அவிழ்த்தாள்.
தகரத்தட்டில் கொட்டி
மெல்லச் சாய்த்தான்.

மழை.

நேர்சியா பெஞ்சுமேல் ஏறி நின்றாள்.
என் நோட்டு என் தலைக்குமேல் இருந்தது,
எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை.
வெளியே, ஒரு மேகம்கூட இல்லாத வானத்தின் கீழ்
யாரோ ஓர் அம்மா
கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டு ஓடினாள்.
யாரும் சிரிக்கவில்லை.

அன்செல்மோ தட்டை நேராக்கினான்.
மழை நின்றது.
அவன் தட்டைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.
சாய்த்தான். பெய்தது.
நேராக்கினான். நின்றது.
இன்னொரு முறை.
இன்னும் ஒரு முறை.
பெஞ்சிலிருந்து இறங்காமலே
நேர்சியா கையை நீட்டினாள்:
"கொடு, நான் நிறுத்துகிறேன்."

அன்று நாடகப் பயிற்சி நடக்கவில்லை.
தட்டு கைமாறிக் கைமாறிப் போனது.
குழுவில் இல்லாத பொடியன் டொமே
கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து
ஐந்து முறை வெள்ளத்தை நிறுத்தினான்.
ஆறாவது முறை வேண்டுமென்றே விட்டுவிட்டு
நாங்கள் கத்துகிறோமா என்று பார்த்தான்.
கத்தினோம்.

சனிக்கிழமை, நாலே கால். ஒலிப்பதிவு.
'தண்ணீர் வந்தது' என்று நான் வாசித்ததும்
நாற்பது நொடி மழை, அப்புறம் டெர்சியோ பேசவேண்டும்.
நாற்பது போயிற்று. அறுபது போயிற்று.
தட்டு நேராகவில்லை.
டெர்சியோ வாயைத் திறந்து மூடினான்.
அப்போது
துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல்:
"மேலே வா, ட்ரோக்கு.
இந்தக் கிளை முறியாது.
இது வேற கிளை."

நாய் மரமேறுமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நான் நோட்டை மூடிவிட்டேன்.
எழுதியிருந்ததைவிட இரண்டு கிளை உயரத்தில்
கதை போய்க்கொண்டிருந்தது.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது
டெர்சியோ ஒலிவாங்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
நிலையத்துக்கு ஓடினான்.
மிச்சப் பேர் முட்டிபோட்டு
சிந்தின அரிசியைப் பொறுக்கினோம்.
இரவு அதையே சமைத்தோம்.
கொஞ்சம் மண் கடித்தது.
ஆளுக்கு இரண்டு வாய்தான் வந்தது என்றாலும்
வேகவைக்காமல் ஒரு கைப்பிடியை
முந்தியே எடுத்து முடிந்துவைத்திருந்தாள் ஒஃபேலியா,
அடுத்த வாரத்துக்கு.